ஒரு குவளை நீலகிரித் தேநீருக்குள் இத்தனை ஒப்பந்தங்களா? தெரியுமா?

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வாங்கிக் குடிக்கிறீர்கள். அந்தக் குவளையின் விலையை முடிவு செய்தவர்களில் மாஸ்கோ, கொழும்பு, லண்டன், கராச்சி அதிகாரிகளும் உண்டு என்றால் நம்புவீர்களா? நாடுகள் பிரிகின்றன. பிரிந்தபின் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து வணிகம் பேசுகின்றன. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பினாரா, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாரா என்பதைப் பொறுத்து ஆயிரம் மைல் தள்ளி ஒரு மலையில் கொழுந்தின் விலை ஏறுகிறது, இறங்குகிறது. வியக்க வைக்கும் அந்தக் கதைகளில் பன்னிரண்டு இதோ!

1. இந்த மலையே ஓர் ஒப்பந்தத்தில் கைமாறியது தெரியுமா?

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அதே ஆண்டு மைசூர் அரசைப் பங்கு போட்ட உடன்படிக்கையில் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கையெழுத்திட்டவர்கள் யாரும் மலைமேல் இருந்த தோடர்களையோ படுகர்களையோ கேட்கவில்லை. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்ததே அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, 1819இல்தான்! தன் மண்ணின் உடன்படிக்கையில் தன் பெயரே இல்லாமல் போன அந்த நிலை இந்த மலைக்குப் பின்னாளிலும் வந்தது. கீழே பாருங்கள்.

2. எழுத்தே இல்லாத வணிக ஒப்பந்தம் இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்தது தெரியுமா?

வெள்ளையர் வருமுன் இங்கு தோடர், கோத்தர், படுகர், குறும்பர் ஆகிய மக்களிடையே அது நடந்தது. தோடர் எருமை நெய் தந்தனர். கோத்தர் இரும்புக் கருவி, மண்பானை செய்து கொடுத்து, சடங்குகளுக்கு இசையும் வாசித்தனர். படுகர் தானியம் அளித்தனர். குறும்பர் காட்டுப் பொருள் கொண்டுவந்தனர். ஒவ்வொரு படுகக் குடும்பத்துக்கும் ஒரு கோத்தர் குடும்பம் என்று பரம்பரையாக உறவு இருந்தது. பத்திரம் இல்லை, முத்திரை இல்லை, நீதிமன்றம் இல்லை! ஒருவர் தன் பங்கைத் தராவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்பதுதான் காவல். பணமும் சந்தையும் வந்தபின், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த ஏற்பாடு தளர்ந்தது. அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மாண்டெல்பாம் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்!

3. பிரிவினையையும் தாண்டி வாழ்ந்த தேயிலை ஒப்பந்தம் ஒன்று உண்டு தெரியுமா?

1929க்குப் பின் உலகப் பொருளாதாரம் சரிந்தது. தேயிலை மலை மலையாகக் குவிந்தது, விலை பாதாளத்துக்குப் போனது. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சு கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்றின் உற்பத்தியாளர்களும் ஒரு முடிவுக்கு வந்தனர். எல்லோரும் ஏற்றுமதியைச் சேர்ந்து குறைப்போம், முதல் ஆண்டில், குறித்த அடிப்படை அளவில் 85 சதவீதத்துக்கு மேல் யாரும் அனுப்பக் கூடாது, புதுத் தோட்டம் போடக் கூடாது. ஒருவர் கள்ளத்தனமாகக் கூடுதலாக அனுப்பினாலே போதும், மொத்தமும் கவிழ்ந்துவிடும்! ஆனாலும் ஒப்பந்தம் நின்றது.

இன்னும் வியப்பு அடுத்து வருகிறது. 1947இல் இந்தியா பிரிந்தது. சில்ஹெட் தோட்டங்கள் பாகிஸ்தானுக்குப் போயின. 1948இல் இலங்கை விடுதலை பெற்றது. டச்சுத் தீவுகள் இந்தோனேசியா ஆயின. சண்டையும் சச்சரவுமாக இருந்த அந்தக் காலத்திலும் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, இந்தோனேசியா ஆகிய நான்கு புது அரசுகளும் 1950இல் தேயிலைக்காக ஒன்றாகக் கையெழுத்திட்டன! அந்த ஏற்பாடு 1955 வரை நீடித்தது. 1933இல் லண்டனில் தொடங்கிய சர்வதேச தேயிலைக் குழு புள்ளிவிவரம் சேகரிக்கும் அமைப்பாக இன்றும் இருக்கிறது. எல்லோரும் நம்பும் ஒரே கணக்கு இருந்ததால்தான் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார முடிந்தது.

4. நாடாகப் பிறக்கும் முன்பே உலக வணிக ஒப்பந்தத்தில் இடம் பெற்ற நாடு எது தெரியுமா?

இலங்கை! பர்மாவும்கூட! 1947 அக்டோபர் 30 அன்று ஜெனீவாவில் காட் எனப்படும் வணிக வரிப் பொது ஒப்பந்தம் உருவானது. முதல் உறுப்பினர்கள் 23 பேர். அதில் இந்தியா உண்டு, பிறந்து இரண்டரை மாதமே ஆன பாகிஸ்தான் உண்டு, இன்னும் விடுதலையே பெறாத பர்மாவும் இலங்கையும் உண்டு. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது 1948 பிப்ரவரி 4 அன்றுதான். ஒரே ஆட்சியின் கீழ் இருந்த நான்கு நிலங்கள் நான்கு தனித்தனி நாற்காலிகளில் அமர்ந்தன. இந்த அக்டோபர் 30ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே தேதி நீலகிரியின் வரலாற்றை மாற்ற மறுபடி வருகிறது!

5. ஆசியாவின் பொருளாதார மாநாடு ஊட்டியில் கூடியது தெரியுமா?

ஐ.நா. சபை 1947இல் ஆசியாவுக்காக ஒரு பொருளாதார ஆணையத்தை ஷாங்காயில் தொடங்கியது. அதன் மூன்றாவது அமர்வு 1948 ஜூன் மாதம் ஊட்டியில்! ஜவஹர்லால் நேரு வந்து பேசினார். ஆணையத்தின் முதல் நிர்வாகச் செயலாளரோ பொருளியல் அறிஞர் பி.எஸ். லோகநாதன், ஒரு தமிழர்! டச்சுக்காரர்களிடமிருந்து விடுபடப் போராடிக்கொண்டிருந்த இந்தோனேசியக் குடியரசுக்கு அந்தச் சபையில் இடம் தரலாமா என்ற வாதமும் அங்கே எழுந்தது. புதிதாகப் பிரிந்தவர்களும் பிரியப் போகிறவர்களும் ஆளும் நாடுகளும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து வணிகம் பேசியது நம் மலை ஊரில். அந்த ஆணையம் இன்று பாங்காக்கிலிருந்து இயங்குகிறது. ஊட்டிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

6. ‘எதிரி’க்கு 55 கோடி ரூபாய் கொடுத்த கோவைக்காரர் யார் தெரியுமா?

சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், நீலகிரி அடிவாரத்துக் கோவையைச் சேர்ந்தவர். பிரிவினைக் கணக்கில் பாகிஸ்தானுக்குச் சேர வேண்டிய ரொக்கம் 75 கோடி ரூபாய். 20 கோடி போனது. மீதி 55 கோடியைத் தருவதற்குள் காஷ்மீரில் போர் மூண்டது. டெல்லி பணத்தை நிறுத்தி வைத்தது. 1948 ஜனவரி 13 அன்று காந்தி மதநல்லிணக்கத்துக்காக உண்ணாவிரதம் தொடங்கினார். ஜனவரி 15 அன்று அரசு பணத்தை விடுவிக்க முடிவெடுத்தது! போர் நடக்கும்போதே, ஒப்புக்கொண்ட கணக்கைத் தீர்த்த நாடு என்று வரலாற்றில் இந்தியா பெயர் எடுத்தது.

அதே ஆண்டு ஜூலையில் சண்முகம் செட்டியார் லண்டனில் எதிர்ப்புறம் உட்கார்ந்தார். இப்போது கடனாளி பிரிட்டன்! இரண்டாம் உலகப் போரில் இந்தியா தந்த பொருள், உழைப்பு எல்லாம் சேர்ந்து சுமார் 116 கோடி பவுண்டு ஸ்டெர்லிங் இருப்பாக லண்டனில் கிடந்தது. மறுக்கவும் முடியாமல், ஒரே நாளில் கொடுக்கவும் முடியாமல் இருந்தது பிரிட்டன். பேசிப் பேசிப் படிப்படியாக விடுவிக்க உடன்பாடு கண்டார்கள். பாகிஸ்தானுக்குத் தந்தபோதும் பிரிட்டனிடம் கேட்டபோதும் இந்தியாவுக்கு இருந்த பலம் ஒன்றே, கணக்கில் நேர்மை.

7. பண மதிப்பு ஒன்றை ஏற்க மறுத்ததால் வணிகமே நின்றது தெரியுமா?

1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. இந்தியாவும் உடனே ரூபாயைக் குறைத்தது. பாகிஸ்தான் மறுத்துவிட்டது! ஒரே நாளில் அவர்கள் ரூபாய் நம் ரூபாயைவிட விலை உயர்ந்தது. அதை ஏற்கமாட்டோம் என்றது டெல்லி. கிழக்கு வங்கத்துச் சணல் கல்கத்தா ஆலைகளுக்கு வரவில்லை, இந்திய நிலக்கரி அங்கே போகவில்லை. 1951 பிப்ரவரியில் இந்தியா அந்த மதிப்பை ஏற்றபின்தான் வழக்கமான வணிகம் திரும்பியது.

நீலகிரிக்கும் இந்தப் பக்கத்து வீட்டுச் சண்டை வந்து சேர்ந்தது. 1971இல் வங்கதேசம் பிரிந்ததும் பாகிஸ்தானுக்குச் சில்ஹெட் தேயிலை இல்லாமல் போனது. அங்கே தேநீர்ப் பழக்கம் மட்டும் குறையவில்லை! தென்னிந்திய சிடிசி (குருணைத் தூள்) தேயிலைக்குப் பாகிஸ்தான் நல்ல வாடிக்கையாளர் ஆனது. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பின் இந்தியா தன் வணிகச் சலுகையை விலக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாகிஸ்தான் வணிகத்தையே நிறுத்தியது. குன்னூர் தேயிலை ஏலத்தில் ஒரு பெரிய சந்தைக்கான கேட்பு அப்படியே போனது.

8. மனிதர்களையே பங்கு போட்ட ஒப்பந்தம் எது தெரியுமா?

இதுதான் நெஞ்சை உலுக்கும் கதை. இலங்கையின் தேயிலையை வளர்த்தவர்கள் தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்கள். சுதந்திரம் வந்த அதே 1948இல், அந்நாட்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1954 ஜனவரியில் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். கையெழுத்தின் மை காயுமுன்னே விளக்கத்தில் சண்டை! எங்களிடம் குடியுரிமை பெறாதவர் எல்லாம் இந்தியர்தான் என்றது இலங்கை. விண்ணப்பித்து, எங்கள் அரசியல் சட்டப்படி பதிவானவர் மட்டுமே இந்தியர் என்றது இந்தியா. இரண்டு விளக்கங்களுக்கும் நடுவே லட்சக்கணக்கானோர் பத்தாண்டு தொங்கினர்.

அடுத்து அதே அக்டோபர் 30 வருகிறது, ஆண்டு 1964! லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் டெல்லியில் கையெழுத்திட்டனர். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம்! இந்தியா 7 பேரை அழைத்தால் இலங்கை 4 பேருக்குக் குடியுரிமை தர வேண்டும் என்ற விகிதமும் எழுதப்பட்டது. 15 ஆண்டில் முடிக்க வேண்டும். மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிக்குப் பாதி பிரித்தனர். தலைக்கு 75,000!

இரு அரசுகளும் ஒன்றையொன்று நம்பாததால் வந்தது அந்த 7:4 விகிதம். நீ கொடு, அப்புறம் நான் கொடுக்கிறேன் என்ற கணக்கு. அந்த மக்களிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியர், தம்பி இலங்கையர் ஆனார். தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, எங்கு அனுப்புவார்கள் என்றே தெரியாமல் வந்தவர்கள் ஏராளம். 1984இல் கலவரமும் போரும் கப்பலையே நிறுத்திவிட்டன. இலங்கையில் எஞ்சியிருந்தவர்களுக்குச் சட்டம் முழுமையாகக் குடியுரிமை தந்தது 2003இல்தான்! 1948இல் கிளம்பிய பிரச்சினைக்கு 55 ஆண்டு.

9. அவர்களுக்காகவே ஓர் அரசுத் தேயிலைக் கழகம் பிறந்தது தெரியுமா?

தாயகம் திரும்பியோருக்கு வேலை தர, 1968இல் தமிழக வனத்துறை நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. 1976இலிருந்து அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, டான்டீயாக, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம், நடுவட்டம் என்று கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இன்று காணும் பச்சைச் சரிவுகள் பலவும் அவர்கள் கைபட்டு வளர்ந்தவை. இரண்டு பிரதமர்கள் எழுதிய ஒரு வரியின் கடமையை ஒரு மலை சுமந்தது! தேயிலை விலை சரிந்து கழகம் நட்டத்தில் விழுந்ததும், 2022இல் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட தோட்ட நிலத்தை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு முடிவு செய்தது. வேலையும் வீடும் என்னவாகும் என்று தொழிலாளர் குடும்பங்கள் பதறின. 1964இன் வாக்கு அந்த லைன் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை மதிப்பது அரசின் கடமை.

10. உடைந்த நாட்டிடம் பட்ட கடனை இந்தியா அடைத்தது தெரியுமா?

1953 டிசம்பர் 2 அன்று இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் வணிக ஒப்பந்தம் செய்தன. டாலர் வேண்டாம், ரூபாயிலேயே கணக்கு! நம் தேயிலை அங்கே போனது, அவர்கள் இயந்திரமும் ஆயுதமும் கடனாக இங்கே வந்தன. 1980களின் முடிவில் இந்தியத் தேயிலை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் வாங்கியவர்கள் சோவியத் மக்கள்தான். நீலகிரியின் ஆலைகள் அந்தச் சந்தையை நம்பி விரிந்தன.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லை! கடன் கொடுத்த நாடு உலக வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது, எந்த மதிப்பில் கொடுப்பது? ரூபிளின் மதிப்போ தினமும் விழுந்துகொண்டிருந்தது. இன்றைய மதிப்பில்தான் தருவோம் என்று இந்தியா சொல்லியிருந்தால் கடன் காற்றாய்ப் போயிருக்கும். அப்படிச் சொல்லவில்லை! 1993 ஜனவரியில் ரஷ்ய அதிபர் போரிஸ் எல்ட்சின் டெல்லி வந்தபோது நடுவழி கண்டனர். கடனில் 63 சதவீதத்தை 1990 ஜனவரி மதிப்பில், ஒரு ரூபிளுக்கு 19.9 ரூபாய் என்று கணக்கிட்டு 12 ஆண்டில் தருவது. மீதி 37 சதவீதத்தை வட்டியில்லாமல் 45 ஆண்டில் தருவது. அந்த ரூபாயில் ரஷ்யா இந்தியப் பொருள் வாங்கியது, தேயிலையும் வாங்கியது. இருதரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்த இந்த ஏற்பாட்டால், பிரிவின் பேரதிர்ச்சியிலும் ரஷ்யச் சந்தை நமக்கு முழுதாகக் கைவிட்டுப் போகவில்லை.

இருந்தும் அடி விழுந்தது. பழைய உறுதிக் கொள்முதல் போனது. தரம் பார்த்து, விலை பார்த்து வாங்கும் தனியார் வந்தார்கள். 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது நீலகிரியின் பல்லாயிரம் சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஒப்பந்தத்தை நம்பித் தோட்டம் போட்டவர்களுக்கு அது மாறப் போகும் செய்தி கடைசியாகத்தான் வந்தது.

11. இருபக்கமும் ‘ஏமாற்றப்பட்டோம்’ என்ற ஒப்பந்தம் எது தெரியுமா?

1998 டிசம்பர் 28 அன்று இந்தியாவும் இலங்கையும் தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்தன. 2000 மார்ச் 1 முதல் நடைமுறை. இலங்கையிலிருந்து ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ தேயிலை 7.5 சதவீத வரியில் வரலாம் என்று ஒதுக்கீடு. ஏற்கெனவே விலைச் சரிவில் தவித்த நீலகிரியில் பெருங்கவலை! சிலோன் தேயிலை வந்து நம்மை மூழ்கடிக்கும் என்று அஞ்சினார்கள்.

நடந்தது என்ன தெரியுமா? ஒதுக்கீட்டின் சிறு பகுதியே வந்தது. தொடக்கத்தில் கொச்சி, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே இறக்கலாம் என்பது விதி. சிலோன் தேயிலையின் விலையும் அதிகம். இலங்கை வணிகர்களுக்கு இது மனக்கசப்பானது. ஆடையிலும் இதே கதை: ஆண்டுக்கு 80 லட்சம் ஆடை அனுப்பலாம், ஆனால் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும். கொடுப்பதுபோல் கொடுத்துக் கதவில் பூட்டுப் போட்டார்கள் என்றது கொழும்பு. வரி குறைந்த பாமாயிலைக் கொண்டு இலங்கையில் வனஸ்பதி தயாரித்து இங்கே கொட்டுகிறார்கள் என்றது டெல்லி. எழுத்தில் ஒப்பந்தம் நிற்கிறது, நம்பிக்கை நொண்டுகிறது. அடுத்த கட்ட விரிவான ஒப்பந்தத்துக்கான பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம்.

நன்றாக நடந்த உதாரணமும் உண்டு. ஆசியான் நாடுகளுடன் 2009 ஆகஸ்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் தேயிலை, காப்பி, மிளகு ஆகியவை தனிப் பட்டியலில் வைக்கப்பட்டன. 2019 முடிவுக்குள் தேயிலை, காப்பிக்கு வரி 45 சதவீதம் வரைதான் குறையும், மிளகுக்கு 50 வரைதான். ஆண்டுவாரியாக எவ்வளவு என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்தது!

12. ‘நல்லெண்ணம்’ என்றே ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது தெரியுமா?

2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்தது. விலகல் ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு இருதரப்பும் நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் என்ன நடந்தது? வட அயர்லாந்து தொடர்பாகத் தான் கையெழுத்திட்டதையே மீறும் மசோதாவைப் பிரிட்டன் கொண்டுவந்தது. சர்வதேசச் சட்டத்தை வரையறுக்கப்பட்ட அளவில் மீறுகிறோம் என்று அமைச்சர் பிரண்டன் லூயிஸ் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்! அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய ஆணையம் அந்த 5ஆம் பிரிவைக் காட்டிச் சட்ட நடவடிக்கை தொடங்கியது. டிசம்பரில் பிரிட்டன் பின்வாங்கியது. அதன்பின்தான், டிசம்பர் 24 அன்று வணிக ஒப்பந்தம் முடிவானது. கசப்பு தீர, வட அயர்லாந்து பற்றிய வின்ட்சர் ஏற்பாடு வர வேண்டியிருந்தது, அது 2023 பிப்ரவரியில்!

அந்தப் பிரிட்டன்தான் 2022 ஜனவரியில் இந்தியாவுடன் பேச்சைத் தொடங்கியது. 2025 ஜூலை 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தப்படி இந்தியப் பொருள்களின் 99 சதவீத வரி வகைகளுக்கு அங்கே சுங்கம் இல்லை. தேயிலையும் அந்தப் பட்டியலில் உண்டு. 2008இலேயே புவிசார் குறியீடு பெற்ற நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலைக்கு இது வாய்ப்புதான்.

1969இன் வியன்னா உடன்படிக்கை, 26ஆம் பிரிவில் ஒப்பந்தங்களை நல்லெண்ணத்தோடு நிறைவேற்ற வேண்டும் என்று எழுதி வைத்தது. கோத்தரும் படுகரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து காட்டியதை உலகம் 1969இல் எழுதியது!

இத்தனை கதைகளுக்கும் ஒரே பாடம். இருதரப்பும் ஒரே கணக்கை நம்பினால், விட்டுக்கொடுத்தால், சொன்னதைச் சொன்ன தேதியில் செய்தால், 1933 போல, 1993 போல ஒப்பந்தம் உடைவுகளையும் தாண்டும். விளக்கத்தில் சண்டை வைத்து, சலுகைக்குள் பூட்டு வைத்து, பாதிக்கப்படுவோரைக் கேட்காமல் எழுதினால், 1954 போல, 1964 போல, சுமையைத் தோட்டத் தொழிலாளியும் சிறு விவசாயியும் சுமப்பார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பந்தப் பேச்சு எந்த நாட்டோடு நடந்தாலும், வரி அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு, கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் விவசாயிகளின் கையில் கையெழுத்துக்கு முன்பே கொடுங்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். குன்னூரில் இருக்கும் தேயிலை வாரிய அலுவலகத்துக்கும் உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இதை எழுதிக் கேட்க வாசகர்களுக்கு உரிமை உண்டு. எழுதுங்கள்!